அறுநூறு சதுர அடி எல்லை: சொத்து வரி அடுக்குகளும் சிறுவீடுகளும்

உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் உள்ள கட்டடங்களின் மீது விதிக்கும் சொத்து வரி, உடையவரின் வருமானத்தையோ செலவையோ பாராமல், உடைமை ஒன்றை மட்டுமே பார்த்து வசூலிக்கப்படுவதாகும். வேலை போன ஆண்டிலும் தொழில் முடங்கிய ஆண்டிலும் வரிக் கேட்பு தவறாமல் வந்து சேரும் என்பதால், பிற வரிகளைக் காட்டிலும் இது சிறிய வீடுகளில் வாழ்வோரை எளிதில் உறுத்துகிறது. இந்த உறுத்தலைத் தணிக்கவே வீடுகளைப் பரப்பளவின்படியோ மதிப்பின்படியோ சில அடுக்குகளாகப் பிரித்து, கீழடுக்குக்குக் குறைந்த வீதமும் மேலடுக்குகளுக்கு உயர்ந்த வீதமும் வைக்கும் முறை பல நாடுகளில் கையாளப்படுகிறது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சீராய்வு இம்முறையை 600, 1200, 1800 சதுர அடி என்னும் மூன்று எல்லைகளைக் கொண்டு நடைமுறைப்படுத்தியது. அந்த அடுக்குகள் சிறுவீட்டுக்காரருக்கு உண்மையில் நியாயம் செய்கின்றனவா, செய்யவில்லையெனில் குறை அடுக்கு என்னும் கருத்தில் உள்ளதா, அது வகுக்கப்பட்ட முறையில் உள்ளதா என்பதே ஆராயத்தக்க வினா.

குடியிருப்பை வரிக்கு உள்ளாக்குவதில் ஆட்சியாளர்களுக்கு எப்போதும் ஒரு தயக்கம் இருந்திருக்கிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு முதலாம் இராசராசன் ஊர்களை அளித்தபோது வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்நத்தம், குளம், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றை இறையிலி நிலங்களாகக் கழித்துவிட்டு, எஞ்சிய விளைநிலத்தையே இறைக்கு உரியதாகக் கணக்கிடுகின்றன. விளைச்சல் கண்ணுக்குத் தெரியும், களத்தில் அளக்கவும் முடியும். குடியிருக்கும் வீடோ எதையும் விளைவிப்பதில்லை. ஆகையால் வீட்டுக்கு வரி போட முனைந்த அரசுகள் யாவும் அதன் மதிப்பைக் குறிக்கும் ஏதேனும் ஒரு வெளி அடையாளத்தைத் தேட வேண்டியிருந்தது. இங்கிலாந்து 1662இல் அடுப்புகளை எண்ணியது. 1696 முதல் சாளரங்களை எண்ணியது.

சாளர வரியின் வரலாறு இந்த ஆய்வுக்கு மிகவும் பொருத்தமானது, ஏனெனில் அடுக்கு முறையின் இரு குறைகளும் அதில் முழுமையாக வெளிப்பட்டுவிட்டன. பத்துச் சாளரங்களை எட்டினால் வரி திடீரென உயரும் என்று விதிக்கப்பட்டதால், ஒன்பதோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் பெருகின. பின்னர் 10, 15, 20 என்று எல்லைகள் வகுக்கப்பட்ட காலத்தில் 9, 14, 19 சாளரங்கள் கொண்ட வீடுகள் இயல்புக்கு மீறிக் குவிந்திருந்ததை எஞ்சியுள்ள வரிப் பதிவுகள் காட்டுகின்றன. வெளிச்சமும் காற்றும் வரும் வழிகளைச் செங்கல் வைத்து அடைப்பதே வரியைக் குறைக்கும் வழியாயிற்று. மற்றொரு குறையை ஆடம் ஸ்மித் சுட்டிக்காட்டினார்: ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகை பெறும் நாட்டுப்புற வீட்டில், ஐந்நூறு பவுன் வாடகை பெறும் லண்டன் வீட்டில் இருப்பதைவிட மிகுதியான சாளரங்கள் இருக்கக்கூடும், அந்நிலையில் ஏழையே அதிக வரி கட்ட நேரும். எல்லைக்கோட்டில் வரி குதிப்பது ஒன்று, அளவுகோல் செல்வத்தை அளக்கத் தவறுவது மற்றொன்று. 1851இல் சாளர வரி ஒழிந்த பின்னும் இவ்விரு குறைகளும் வேறு வேறு வரிகளில் வேறு வேறு உருவில் தொடர்ந்து வந்திருக்கின்றன.

இந்திய நகரங்களில் சொத்து வரி நெடுங்காலமாக ஆண்டு வாடகை மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கக்கூடும் என்று உள்ளாட்சி அமைப்பு கணிக்கும் தொகையே ஆண்டு வாடகை மதிப்பு. உடையவரே குடியிருந்தாலும் இக்கணிப்பு உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்த பிறகு இம்முறை முடங்கியது. சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பைக் கணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்தில் கல்கத்தா மாநகராட்சி வழக்கிலும் பின்னர் புதுதில்லி நகராட்சி தொடர்பான திவான் தௌலத் ராய் கபூர் வழக்கிலும் தீர்ப்பளித்ததால், நகரின் நடுவே இருந்த பழைய கட்டடங்களின் வரி பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வாடகையிலேயே உறைந்து நின்றது. புதிதாகக் கட்டிய சிறிய வீட்டுக்குப் பழைய பெரிய மாளிகையைவிட மிகுந்த வரி என்னும் விசித்திரம் பல நகரங்களில் நிலைத்தது.

இதிலிருந்து வெளியேறும் வழியாகவே பரப்பளவு முறை வந்தது. ஆனால் பரப்பளவு மட்டும் போதாது என்பதை நீதிமன்றங்கள் அதற்கு முன்பே தெளிவுபடுத்தியிருந்தன. ஆலைகளின் மீது தளப் பரப்புக்கு இவ்வளவு என்று அகமதாபாத் மாநகராட்சி ஒரே வீதத்தில் விதித்த வரியை 1967இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டடத்தின் தன்மை, இருப்பிடம், பயன்பாடு, அது ஈட்டும் வருவாய் ஆகிய எதையும் பாராமல் தளப் பரப்பை மட்டுமே கொண்டு வரி விதித்த கேரளத்தின் 1961ஆம் ஆண்டுக் கட்டட வரிச் சட்டம், குட்டி நாஹா வழக்கில், சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானது என்று தள்ளப்பட்டது. வேறுபட்டவற்றை வேறுபாடு பாராமல் ஒன்றாக நடத்துவதும் சமத்துவ மீறலே என்பது அத்தீர்ப்பின் சாரம். பட்னா மாநகராட்சி 1993இல் தெருவின் தரம், கட்டடத்தின் பயன்பாடு, கட்டுமான வகை ஆகிய மூன்றையும் பரப்பளவோடு சேர்த்து வகுத்த முறையை 1995இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தில்லி 2004இலும் பெங்களூரு 2008இலும் நகரை வட்டாரங்களாகத் தரம் பிரித்து அதே வழியில் சென்றன. இருப்பிடம் கணக்கில் சேராத பரப்பளவு முறை நியாயமாகாது என்பது, இவ்வாறு, வழக்காடித் தீர்ந்துபோன செய்தி.

தமிழ்நாட்டு முறையின் அடித்தளத்தில் இருப்பிடம் இடம்பெற்றிருக்கிறது. சென்னையில் ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை வாடகை வீதம் உண்டு. அதனை வீட்டின் பரப்பளவால் பெருக்கி, கட்டடத்தின் வயதுக்கான தேய்மானத்தையும் சொந்தக் குடியிருப்புக்கான தள்ளுபடியையும் கழித்து ஆண்டு மதிப்பு கணிக்கப்படுகிறது. வரி அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. சென்னைக் குடிநீர் வாரியமும் இதே ஆண்டு மதிப்பின் மீதே 7 விழுக்காடு குடிநீர், கழிவுநீர் வரியாக விதிப்பதால், மாநகராட்சியின் கணிப்பில் நேரும் பிழை எதுவாயினும் அது இரண்டு ரசீதுகளில் தோன்றும்.

இந்த அடித்தளம் நெடுங்காலம் தொடப்படாமல் கிடந்தது. சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நிலைபெறவில்லை. 2018இல் கொண்டுவரப்பட்ட உயர்வு 2019 நவம்பரில் நிறுத்தப்பட்டு, கூடுதலாகச் செலுத்திய தொகை பிந்தைய அரையாண்டுகளில் ஈடுசெய்யப்பட்டது. இந்நிலையில் 15ஆவது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகள் மானியம் பெற வேண்டுமானால் சொத்து வரியின் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வரி வருவாயும் வளர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதன் விளைவே 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சீராய்வு.

சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு, 601 முதல் 1200 வரை 75, 1201 முதல் 1800 வரை 100, அதற்கு மேல் 150 விழுக்காடு என்று உயர்வு வகுக்கப்பட்டது. 2011இல் சென்னையோடு இணைந்த பகுதிகளுக்கும் மாநிலத்தின் பிற நகரங்களுக்கும் இதே அடுக்குகளில் 25, 50, 75, 100 விழுக்காடு. சென்னையில் 600 சதுர அடி வீட்டின் வரி 810 ரூபாயிலிருந்து 1,215 ரூபாயாகும் என்று அரசு எடுத்துக்காட்டியதோடு, மாநிலத்தின் குடியிருப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்தக் கீழடுக்கிலேயே அடங்குகின்றன என்றும் விளக்கியது. கால் நூற்றாண்டாக ஏறாத வரியைப் பார்க்கையில் அத்தொகை பெரிதன்று. சிறுவீடுகளைத் தனியாகக் கருதிய நோக்கத்திலும் குறை காண இடமில்லை. கணக்கு அமைந்த விதத்தைத்தான் நுணுகிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, அந்த அடுக்குகள் உயர்வின் வீதத்தை நிர்ணயிப்பவை, வரியை நிர்ணயிப்பவை அல்ல. பழைய தொகை எதுவோ அதன் மீதே விழுக்காடு ஏறுகிறது. ஆகவே 1998இல் தெருக்களுக்கு இடையே இருந்த ஏற்றத்தாழ்வு அப்படியே பெருக்கப்பட்டுத் தொடர்கிறது. அக்கால் நூற்றாண்டில் சென்னையின் உருவமே மாறியிருக்கிறது. வேளச்சேரியும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பகுதிகளும் கணினித் தொழிலோடு வளர்ந்து வாடகையில் எங்கோ போய்விட, வடசென்னையின் பல பழைய குடியிருப்புகள் அந்த வேகத்தில் ஏறவில்லை. வளர்ந்த பகுதியின் சிறுவீடும் வளராத பகுதியின் சிறுவீடும் ஒரே அடுக்கில், பழைய தளத்தின் மீது, கணக்கிடப்படும்போது, மெதுவாக வளர்ந்த பகுதியினர் தம் வீட்டின் இன்றைய மதிப்போடு ஒப்பிடுகையில் கூடுதல் பங்கைச் சுமக்கிறார்கள்.

இரண்டாவது குறை எல்லைக்கோட்டில் உள்ளது. ஒரே தெருவில், ஒரே வயதில், ஒரே வகையில் கட்டப்பட்ட இரு வீடுகளைக் கொள்வோம். ஒன்று 600 சதுர அடி, மற்றது 620. முதல் வீட்டின் பழைய அரையாண்டு வரி 800 ரூபாய் எனில், பரப்பளவு விகிதப்படி இரண்டாவதன் பழைய வரி ஏறத்தாழ 827 ரூபாய். சீராய்வுக்குப் பின் முதல் வீடு 1,200 ரூபாயும் இரண்டாம் வீடு 1,447 ரூபாயும் செலுத்த வேண்டும். 27 ரூபாயாக இருந்த வேறுபாடு 247 ரூபாயாகிவிட்டது. இருபது சதுர அடி என்பது ஒரு சிறிய குளியலறை அளவே ஆன இடம். மேலெல்லையில் குதிப்பு இன்னும் கடுமையானது: 1800 சதுர அடி வீட்டின் 2,400 ரூபாய் 4,800 ஆக, 1810 சதுர அடி வீட்டின் 2,413 ரூபாய் 6,033 ஆகிறது. பத்துச் சதுர அடிக்கு அரையாண்டுதோறும் 1,233 ரூபாய் எனில், அது வரியாக இல்லாமல் தண்டமாகவே உடையவருக்குத் தோன்றும்.

வருமான வரியில் இக்கொடுமை இல்லை. அங்கே ஒருவருடைய வருமானம் ஓர் எல்லையைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமே உயர்ந்த வீதம் பொருந்தும். எல்லைக்குக் கீழுள்ள பகுதிக்குப் பழைய வீதமே நிலைக்கும். இதனைக் கூறுமுறை எனலாம். முழுத்தொகைக்கும் புதிய வீதத்தைப் பொருத்துவதைக் குதிப்புமுறை எனலாம். இங்கிலாந்தின் சொத்துப் பதிவுத் தீர்வை 2014 வரை குதிப்புமுறையில்தான் இருந்தது. 2,50,000 பவுனுக்கு வாங்கிய வீட்டுக்கு 2,500 பவுன் தீர்வை, அதற்கு மேல் ஒரு பவுன் கூடினாலும் 7,500 பவுன். அதனால் அவ்வெல்லையைச் சிறிது தாண்டிய விலையில் வீடு விற்பது அரிதாயிற்று. 2014 டிசம்பரில் அது கூறுமுறைக்கு மாற்றப்பட்டது. சென்னையின் 620 சதுர அடி வீட்டுக்குக் கூறுமுறையைப் பொருத்தினால் வரி 1,447 ரூபாயாக இல்லாமல் 1,247 ரூபாயாக இருக்கும். 600 சதுர அடி வீட்டோடு உள்ள வேறுபாடு 47 ரூபாய், அதாவது இருபது சதுர அடிக்கு உரிய நியாயமான கூடுதல் மட்டுமே. 2024இல் வந்த 6 விழுக்காடு உயர்வு எல்லா அடுக்குகளுக்கும் ஒன்றுபோல் ஏறியதால், இந்தக் குதிப்பு அகலாததோடு சற்று உயர்ந்தும்விட்டது.

மூன்றாவது குறை ஆடம் ஸ்மித் சொன்னதே: சிறுவீடு என்பதும் சிறு வருவாய் என்பதும் ஒன்றல்ல. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ 550 சதுர அடி அடுக்ககக் குடியிருப்பு ஐந்தினை வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர், ஐந்துக்கும் கீழடுக்கின் சலுகையைப் பெறுகிறார். ஏனெனில் அடுக்கு வரி விதிப்பு எண்ணைப் பார்க்கிறதே தவிர உடையவரைப் பார்ப்பதில்லை. மறுபுறம், தந்தை விட்டுச்சென்ற 1,850 சதுர அடி ஓட்டு வீட்டில் மூன்று உடன்பிறந்தோர் குடும்பங்கள் தனித்தனியே சமைத்து வாழ்ந்தாலும், பாகப்பிரிவினை பதிவாகாத வரையில் அது ஒரே வீடு, அதுவும் உச்ச அடுக்கைச் சேர்ந்த வீடு. மூன்று குடும்பங்களுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றும் சுமார் 617 சதுர அடியில் வாழ்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவரின் நிலை வேறு: ரசீது உடையவரின் பெயரில் இருந்தாலும், வீட்டுக்குத் தட்டுப்பாடு உள்ள பகுதிகளில் உயர்ந்த வரி அடுத்த வாடகை உயர்வில் கலந்து அவரையே வந்தடையும், சலுகை மட்டும் அவ்வாறு இறங்கி வருமென்பதற்கு உறுதி இல்லை.

அடுக்கை விட்டொழித்து, ஓர் அளவுக்குக் கீழுள்ள வீடுகளுக்கு முழு விலக்கு அளித்துவிடலாம் என்பது ஒரு மாற்று. மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 2022 சனவரி முதல் சொத்து வரி இல்லை. கேட்பதற்கு இனிய இந்த ஏற்பாட்டில், மேற்சொன்ன எல்லைக் குதிப்பு அதன் உச்சத்தை அடைகிறது. 500க்கு ஒன்றுமில்லை, 501க்கு முழு வரி. பாந்திராவின் 480 சதுர அடிக்கு விலக்கும், அதில் ஒரு சிறு பங்கே விலைபெறும் மான்குர்துவின் 520 சதுர அடிக்கு வரியும் என்பதை நியாயம் என்று எவ்வகையிலும் நிறுவ முடியாது. கேரளம் 2023இல் 60 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 646 சதுர அடி வரை விலக்கு அளித்தபோது, அதனை ஒருவர் தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு மட்டும் என வரையறுத்து, அடுக்ககங்களுக்குப் பொருந்தாது என்றும் கூறியது. எல்லைக் குதிப்பு அங்கும் இருக்கிறது. ஆனால் ஐந்து வீடு வைத்திருப்பவர் ஐந்துக்கும் சலுகை பெறும் வழி அடைபட்டது. முழு விலக்குக்கு எதிரான வேறொரு வாதமும் உண்டு. தெருவிளக்கும் குப்பை அகற்றலும் மழைநீர் வடிகாலும் சிறுவீட்டுக்கும் வேண்டும். சிறு தொகையேனும் செலுத்துபவர் மாமன்ற உறுப்பினரிடம் உரிமையோடு கேட்கிறார். வரி கட்டாத பகுதிக்கு வசதி வராததை இந்திய நகரங்கள் அறியும்.

பரப்பளவை விட்டு மதிப்பைக் கொண்டு அடுக்கு வகுத்தால் சிக்கல் தீருமா என்பதற்கு இங்கிலாந்தின் மன்ற வரியே சோதனைக்களம். முந்தைய தலைவரிக்கு எழுந்த எதிர்ப்பில் அரசே ஆட்டங்கண்ட பின் 1993இல் அவசரமாகக் கொண்டுவரப்பட்ட அந்த வரி, வீடுகளை 1991 ஏப்ரல் மாத விலைப்படி எட்டு அடுக்குகளாகப் பிரிக்கிறது. 40,000 பவுன் வரையுள்ளவை முதல் அடுக்கு. 3,20,000 பவுனுக்கு மேற்பட்டவை எட்டாம் அடுக்கு. நடு அடுக்கின் வரியை ஒன்பது பங்காகக் கொண்டால், முதல் அடுக்கு ஆறு பங்கும் எட்டாம் அடுக்கு பதினெட்டுப் பங்கும் செலுத்துகின்றன. விலையில் எட்டு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாட்டுக்கு வரியில் மூன்று மடங்கே வேறுபாடு. மதிப்பு ஏற ஏற மதிப்பில் வரியின் பங்கு குறைந்துகொண்டே போகும் இத்தகைய வரியைப் பொருளியலார் தேய்விகித வரி என்பர். அதன் எதிர்நிலை வளர்விகித வரி. முதல் அடுக்குக்குக் கீழே வேறு அடுக்கு இல்லாததால், ஓரறைக் குடியிருப்பும் வடகிழக்கு இங்கிலாந்தின் இரு படுக்கையறை வரிசை வீடும் ஒன்றாகவே நடத்தப்படுகின்றன. அவ்வட்டாரத்தின் வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்த ஒரே அடுக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. பலர் தனித்தனி அறையில் குடியிருக்கும் பகிர்வு வீடுகளில் ஒவ்வோர் அறையும் தனி வீடாகக் கருதப்பட்டு முதல் அடுக்கு வரி கேட்கப்பட்ட நிலை 2023 டிசம்பரில்தான் மாற்றப்பட்டது.

அடுக்குகளை விடவும் பெரிய பழுது, இங்கிலாந்து இன்றுவரை மறுமதிப்பீடு செய்யாததில் இருக்கிறது. இவ்வாண்டு கட்டிய வீட்டுக்கும் 1991இல் அது என்ன விலை போயிருக்கும் என்று கற்பனை செய்தே அடுக்கு ஒதுக்கப்படுகிறது. லண்டன் விலைகள் வடக்கைவிடப் பன்மடங்கு ஏறிய பின்னும் அந்தக் கற்பனை மாறாததால், வெஸ்ட்மின்ஸ்டரில் உச்ச அடுக்கு மாளிகைக்குச் செலுத்தும் வரி, ஹார்ட்டில்பூலில் நடு அடுக்கு வீட்டுக்குச் செலுத்துவதைவிடக் குறைவு. வேல்ஸ் 2005இல் மறுமதிப்பீடு செய்து ஒன்பதாம் அடுக்கைச் சேர்த்தது. ஸ்காட்லாந்து 2017இல் மேலடுக்குகள் நான்கின் பங்கை உயர்த்தியது. மறுமதிப்பீட்டால் இழப்பவர் உரக்கப் பேசுவர், பயனடைபவர் பேசார் என்பதால், எந்தக் கட்சியும் தன் ஆட்சியில் அதைத் தொட விரும்புவதில்லை. சென்னையின் 1998 முதலான மௌனத்துக்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரு நாட்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கையில், மதிப்பா பரப்பளவா என்னும் வாதத்துக்குப் பொதுவாகத் தரப்படும் முதன்மை அதற்கு உரியதன்று என்று கொள்ள வேண்டியிருக்கிறது. மதிப்பைக் கொண்ட இங்கிலாந்து அடுக்குகள், பழைய தளத்தில் உறைந்து கீழடுக்கை வஞ்சித்தன. பரப்பளவைக் கொண்ட தமிழ்நாட்டு அடுக்குகள் கீழடுக்குக்கு இரங்கினாலும், பழைய தளத்தின் மீதே எழுந்து எல்லையோரத்தினரை வஞ்சிக்கின்றன. தளம் புதுப்பிக்கப்படாத நிலையில் எந்த அளவுகோலும் சிறுவீட்டுக்கு நியாயம் செய்யாது. தெருவாரி அடிப்படை வீதத்தை இன்றைய வாடகை நிலவரப்படி திருத்துவது கடினமான, அரசியல் துணிவு வேண்டும் பணி. அதற்குக் காலம் பிடிக்கலாம். கீழடுக்குச் சலுகையை உடையவர் தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு என்று சுருக்குவதற்கும் உடைமைப் பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருக்கும். வாடகைக்குக் குடியிருப்பவர்மேல் அதன் சுமை இறங்காமலும் பார்க்க வேண்டும். ஆனால் குதிப்புமுறையைக் கூறுமுறையாக்கி, 601ஆம் சதுர அடிக்கு மட்டுமே 601ஆம் சதுர அடியின் வீதத்தை விதிப்பதற்கு இத்தகைய தடை எதுவும் இல்லை. அதற்குப் புதிய அளவீடும் வேண்டியதில்லை. ஒவ்வொரு வரி விதிப்பு எண்ணின் கீழும் வீட்டின் பரப்பளவு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.